பகடை உருட்டாமலே ஆளைக் கொல்லலாமா? (டூம் ஆஃப் ஹாரர்ஸ், கடலூர் மொட்டைமாடி)

#1 கெடிலக்கரை (கடலூர்)

வைகுண்ட ஏகாதசி இரவு எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப் பகடை ஆட்டத்தில் வரும் டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற டன்ஜனை, அதாவது பொறிகள் நிறைந்த கல்லறையை, ஆடினோம். நான்தான் டிஎம், கதையை நடத்துகிறவன். ஐந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடினார்கள், மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவன் நிஜத்திலும் என்னோடு பேசுவதில்லை. இன்றோடு பதினோரு நாள். தப்பு என்னுடையதா, இல்லை இந்த டன்ஜனே அப்படித்தானா என்று ஆடியவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

ஏகாதசி இரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்றைக்கு வீட்டில் எப்படியும் யாரும் தூங்க மாட்டார்கள். கீழே கூடத்தில் பாட்டியும் அத்தைகளும் பரமபதப் படத்தை விரித்து, வெண்கலத் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். விடியற்காலையில் சொர்க்கவாசல் பார்க்கத் திருவந்திபுரம் கிளம்புவார்கள். மாடியில் நாங்களும் பகடைதானே உருட்டுகிறோம், யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் கூட்டம் இரண்டு வருடமாக ஒரே கதையை ஆடி வருகிறது. ஒன்றாம் லெவலில் தொடங்கியவர்கள் இப்போது பன்னிரண்டு. குள்ளர் இனத்துப் போர்வீரன் இடும்பன், ஒரு மந்திரக்காரி, ஒரு திருடன், ஒரு பூசாரி, பாலடின் என்ற புனிதப் போர்வீரன் ஒருவன். இந்த டன்ஜன் 10 முதல் 14 லெவல் வரைக்குமானது. நம் ஆட்கள் சரியாக நடுவில் நிற்கிறார்கள், போய் அந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரனான செத்த மந்திரவாதி அசெரராக்கைப் பார்த்துவிட்டு வரட்டுமே என்று நினைத்தேன்.

பேரைக் கேட்டதும் உஷாராகிவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஆடு கிடைக்குமா என்று கேட்டு ஏழு ஆடு வாங்கினார்கள். கயிறு வாங்கினார்கள். பத்தடிக் கோல் என்று விதிப்புத்தகத்தில் இருப்பதை எங்கள் கூட்டத்தில் துரட்டி என்போம், அதுவும் ஒன்று. குன்றில் மூன்று வாசல் இருந்ததும் திருடனாக ஆடுபவன் "மூணு சொர்க்கவாசலா, அப்ப ரெண்டு டூப்பு" என்றான். சரியாகச் சொன்னான். ஆனாலும் முதலில் நுழைந்தது டூப்பு வாசலில்தான். கூரை விழுந்து ஒரு ஆடு போயிற்று.

உண்மையான வாசலில் சிவப்புக் கல் பதித்த பாதை வளைந்து வளைந்து போகும். அதில் குழிகள், குழிக்குள் விஷம் தடவிய முட்கள். இரண்டு ஆடு போயிற்று, துரட்டியும் ஒடிந்தது. என் சித்தி மகள்தான் மந்திரக்காரி. அவள் தாழ்வாரத்தை அறைத்தரையில் கோலமாவால் அளவாக வரைந்துகொண்டே வந்தாள். மார்கழி மாதத்தில் வீட்டில் மாவுக்கா பஞ்சம்!

தாழ்வாரத்தின் கோடியில் பச்சைப் பிசாசு முகம். ஆவென்று திறந்த வாய். உள்ளே கும்மிருட்டு. நாலாவது ஆட்டைக் கயிறு கட்டி உள்ளே தள்ளினார்கள். கத்தல் கேட்டதா என்றார்கள், இல்லை என்றேன். விழுந்த சத்தம் கேட்டதா என்றார்கள், இல்லை என்றேன். கயிற்றை இழுத்தார்கள். "கயிறு லேசாக வருகிறது, நுனி கத்தியால் நறுக்கினது போல இருக்கிறது" என்றேன். இதைவிட ஒரு டிஎம் என்ன சொல்ல வேண்டும்?

இடும்பன் சொன்னான்: "அந்தப் பக்கம் யாரோ கயிற்றை அறுத்து ஆட்டைப் பிடித்துக்கொண்டார்கள். விட்டுவிட்டு வர முடியாது. நான் உள்ளே ஏறுகிறேன்." நிஜமாகவா என்று கேட்டேன். நிஜமாகத்தான் என்றான். இருபது முகப் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, எதற்கு உருட்ட வேண்டும் என்று கேட்டான்.

"உருட்ட வேண்டாம். இடும்பன் இல்லை" என்றேன்.

ஆடாதவர்களுக்கு: அந்த வாய்க்குள் இருப்பது பாதை அல்ல. ஸ்பியர் ஆஃப் அனைலேஷன் என்ற சூனியக் கோளம். தொட்டது எதுவும் மிஞ்சாது. தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோ கிடையாது, எலும்பு கிடையாது, உயிர்ப்பிக்க உடம்பும் கிடையாது. புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன். இடும்பனாக ஆடியவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து கீழே போனான். மற்றவர்கள் நாலரை வரை ஆடினார்கள். அன்றிலிருந்து அவன் என் போனை எடுப்பதில்லை.


#2 முந்திரிக்கொட்டை (பண்ருட்டி)

ஆட்டைக் காப்பாற்றப் போய்ச் செத்த முதல் போர்வீரன் உங்கள் இடும்பனாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு நடுகல் வையுங்கள். கோபப்படாதீர்கள், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.


#3 பத்தடிக்கோல் (புதுச்சேரி, லாசுப்பேட்டை)

கெடிலக்கரை, கயிற்று நுனி வரைக்கும் நீங்கள் செய்தது எல்லாம் நல்ல டிஎம் வேலை. தப்பு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது.

இந்த டன்ஜன் எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இதை முதலில் வைத்திருந்தது, தங்கள் ஆளை எதுவும் அசைக்க முடியாது என்று அலட்டிக்கொண்ட கைதேர்ந்த ஆட்டக்காரர்களை அடக்க. 1975-இல் பால்டிமோரில் நடந்த முதல் ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில் போட்டி ஆட்டமாக இறக்கினார். 1978-இல்தான் டி.எஸ்.ஆர். நிறுவனம் அச்சில் கொண்டுவந்தது. போட்டி என்றால் எப்படி? உட்காரும்போது கையில் ஒரு ஆளைக் கொடுத்துவிடுவார்கள். நேரம் முடிவதற்குள் எந்தக் கூட்டம் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கணக்கு. செத்தால் போவது காலையில் கையில் வாங்கிய ஒரு காகிதம். அதற்காக யாரும் பதினோரு நாள் பேசாமல் இருக்க மாட்டார்கள். புத்தகத்தின் பின்னாலேயே அப்படித் தயார் ஆட்கள் பட்டியல் உண்டு.

நீங்கள் இரண்டு வருடம் வளர்த்த பிள்ளைகளை அதே கத்திக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள்.

நாங்கள் இங்கே ஆடியபோது தயார் ஆட்களை எடுத்துக்கொண்டோம். ஆளுக்கு மூன்று காகிதம். ஒருவன் செத்தால் அடுத்தவன் வாசலிலிருந்து ஓடி வந்து சேர்ந்துகொள்வான், எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த ஒரே ஏற்பாட்டில் சாவு வேடிக்கையாகிவிட்டது. சிம்மாசன அறையில் ஒரு கிரீடமும் செங்கோலும் இருக்கும். செங்கோலின் ஒரு முனை தங்கம், மறு முனை வெள்ளி. கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளி முனையால் தொட்டால் அதோடு முடிந்தது கதை. எங்களில் ஒருவர், எந்த முனை என்று தெரிந்துகொள்வதற்காகவே மூன்றாவது ஆளைப் பலி கொடுத்தார். கைதட்டினோம்.

ஆடு பற்றி ஒன்று. கைகாக்ஸோடு ஆடிய ராப் குன்ட்ஸ் என்பவர் ரோபிலார் என்ற தன் பாத்திரத்தை இதற்குள் கூட்டிக்கொண்டு போனபோது ஓர்க் என்ற அரக்க இன அடியாட்களை முன்னால் நடக்கவிட்டார் என்பது பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அறிந்த கதை. உங்கள் ஏழு ஆடுகளுக்கு அவர்கள்தான் மூதாதையர்.


#4 கெடிலக்கரை

தயார் ஆட்கள் பட்டியலைப் பார்த்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இல்லாத பரபரப்பு யாரோ ஒரு காகிதத்துக்கு வருமா? இடும்பன் என்பதால்தானே அந்த வாய்க்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள்?

குறிப்பும் கொடுத்தேன் ஐயா. சிவப்புப் பாதையைக் கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு புதிர்ப்பாட்டு கிடைக்கும். முடிந்தவரை பச்சையை ஒதுக்கு என்று அதிலேயே இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி எல்லார் கையிலும் கொடுத்திருந்தேன். இடும்பன் அதை மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருந்தான்.


#5 சோழிப்பை (கடலூர்)

நான்தான் அந்த மந்திரக்காரி. அண்ணா இங்கே இழை போட்டிருக்கிறது என்று திருடன் சொல்லித்தான் வந்தேன். சில விஷயங்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்.

"நிஜமாகவா" என்று கேட்டேன் என்கிறாரே, அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணாவுக்கு முகத்தில் எதுவும் நிற்காது. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டி ஒரு மறைப்பு செய்து முன்னால் வைத்திருக்கிறார், அதற்கு மேலே கண் மட்டும் தெரியும், அந்தக் கண்ணும் சிரிக்கும். இரண்டு வருடமாக அவர் அப்படிச் சிரித்தபோதெல்லாம் நல்லது நடந்திருக்கிறது. டிராகன் குட்டி கிடைத்தபோது அப்படித்தான் சிரித்தார். அதனால் இடும்பன் அதை "போ, போ" என்று எடுத்துக்கொண்டார். பச்சையை ஒதுக்கு என்ற வரி எனக்கும் ஞாபகம் வரவில்லை. டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே ஏதோ ஒரு நிறமாகத்தான் இருந்தது.

கயிற்று நுனியைப் பற்றியும் சொல்கிறேன். நறுக்கினது போல என்றால் யாரோ நறுக்கியிருக்கிறார்கள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? எங்கள் ஆட்டத்தில் இதுவரை பார்த்த எந்த ஓட்டையும் வேறு எங்கேயோ கொண்டுபோய்த்தான் விட்டிருக்கிறது. உள்ளே போனது இல்லாமலே போகும் என்று ஒரு முறைகூட நடந்ததில்லை. பழக்கம்தானே நம்மை நடத்துகிறது.

அப்புறம் பூசாரி செத்த விதத்தை அண்ணா எழுதவே இல்லை. ஒரு பெரிய மரக்கதவு, உள்ளே பாட்டும் சிரிப்பும் கேட்கும். திறந்து ஓடினால் நீளமான தாழ்வாரம், ஓட ஓடத் தரை ஒரு பக்கமாகச் சாயும், கோடியில் நெருப்புக் குழம்பு. பூசாரியும் ஒரு ஆடும் சறுக்கிக்கொண்டு போனார்கள். அதற்குக் கோபமே வரவில்லை. தரை சாய்கிறது என்று தெரிந்த பிறகும் இரண்டு முறை உருட்டினார், இரண்டு முறையும் போதவில்லை, போய்ச் சேர்ந்தார். பாலடின் நீல ஒளி வீசுகிற பலிபீடத்தைத் தொட்டார். தொடாதே என்று நாங்கள் எல்லாரும் கத்தினோம். தொட்டார். மின்னல்.

ஆனாலும் நானும் திருடனும் அசெரராக்கைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வந்தோம். அதையாவது எழுதியிருக்கலாம் அண்ணா.


#6 பாகூர் வாத்தியார் (பாகூர்)

நான் இந்த டன்ஜனுக்கு எதிரி. பத்தடிக்கோல் சார் சொல்லும் வரலாறு எல்லாம் சரி, பழையது என்பதால் நல்லது ஆகிவிடாது.

கீழே பாட்டி ஆடிய பரமபதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் அதிலும் சேவிங் த்ரோ கிடையாது. மேலே போன காய் அடிக்கு வரும். ஆனால் பாம்பின் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது படத்தில் வரைந்திருக்கிறது. பயந்துகொண்டே உருட்டுகிறோம், அந்தப் பயத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. டூம் ஆஃப் ஹாரர்ஸில் பாம்பைப் படத்துக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, நீயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். பாடமே நடத்தாமல் பரீட்சை வைக்கிற வாத்தியார் வேலை இது. நானே வாத்தியார், அந்தக் குறுக்குவழி எனக்குத் தெரியும்.

ஆரஞ்சு நிறப் புகை வளைவு ஒன்று வருமே, அதற்குள் போனால் ஆண் பெண்ணாகவும் நல்லவன் கெட்டவனாகவும் மாறிவிடுவான். எதற்கு? என்ன யோசித்திருந்தால் அது தெரிந்திருக்கும்? டிஎம் சிரிப்பதற்கு என்பதைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை. இன்னொரு வளைவில் ஆள் தொடக்கத்துக்கே திரும்பிப் போய் விழுவான், சாமான் எல்லாம் கடைசிக் கல்லறைக்குப் போய்விடும். பன்னிரண்டாம் லெவல் வீரன் கோவணம்கூட இல்லாமல் நிற்பான். இதற்குப் பெயர் புத்திசாலித்தனமா?


#7 பத்தடிக்கோல்

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன பரமபத உவமையே உங்களுக்கு எதிராகப் போகிறது. பரமபதத்தில் பாம்பு எங்கே என்று தெரியும், ஆனால் தெரிந்து என்ன செய்ய முடியும்? கட்டை விழுந்தபடி காய் போகும். முழுக்கக் கட்டையின் ஆட்டம். இங்கே பகடைக்கு வேலையே குறைவு. முழுக்கக் கேள்வியின் ஆட்டம். வாய்க்குள் ஒரு கல்லை எறிகிறேன், என்ன கேட்கிறது? ஒரு விளக்கைக் கோலில் கட்டி நீட்டுகிறேன், திரும்ப எடுத்தால் கோல் எவ்வளவு நீளம் இருக்கிறது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கோளம் யாரையும் கொல்லாது. இருந்த இடத்தைவிட்டு நகரக்கூட நகராது. எல்லாரையும் கொல்வது "சரி, நான் ஏறுகிறேன்" என்ற அவசரம்தான்.

வளைவுகள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆரஞ்சுப் புகைக்கு என்னிடமும் பதில் இல்லை.

ஆனால் கெடிலக்கரைக்கு இன்னொன்று. புத்தகத்தின் ஆரம்பத்தில் டிஎம்முக்கு எழுதிய குறிப்பைப் படித்தீர்களா? இது யோசித்து ஆடுபவர்களுக்கானது, வெட்டிச் சாய்ப்பதை விரும்பும் கூட்டம் சந்தோஷப்படாது என்று அப்பட்டமாக எழுதியிருக்கிறது. அதோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட கூட்டம் என்றால் உள்ளே அரக்கர்கள் குறைவு என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வதைவிட, ஆட்டத்தையே தவிர்த்துவிடுவது மேல் என்கிறது. நீங்கள் பாதியை மட்டும் பின்பற்றியிருக்கிறீர்கள். சொல்லவும் இல்லை, தவிர்க்கவும் இல்லை.

சோழிப்பை மேடம், ஒரு சின்னச் சந்தேகம். நீங்கள் அசெரராக்கைக் கொன்றதும் கூரை இடிந்து விழ ஆரம்பித்ததா? டிஎம் மெதுவாகப் பத்து வரை எண்ணினாரா? வெளியே ஓடி வந்த பிறகு, டன்ஜன் ரொம்பக் கஷ்டமாக இருந்ததா என்று அக்கறையாகக் கேட்டாரா?


#8 சோழிப்பை

ஆமாம்! அப்படியே கேட்டார். நாங்களும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது என்றோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?


#9 பத்தடிக்கோல்

நான் எதுவும் சொல்லவில்லை.


#10 கெடிலக்கரை

சார், ப்ளீஸ்.


#11 முந்திரிக்கொட்டை

ஐயையோ.


#12 சோழிப்பை

புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டேன். 2017-இல் வந்த டேல்ஸ் ஃப்ரம் த யானிங் போர்ட்டல் தொகுப்பில் உள்ள ஏழு சாகசங்களில் ஒன்றாக இதுவும் இருக்கிறது, அண்ணாவின் அலமாரியிலேயே இருக்கிறது, அண்ணா குளிக்கப் போனபோது எடுத்தேன்.

போலிக் கல்லறை. நாங்கள் கொன்றது போலி. கூரை விழுந்தது மாயை. பத்து வரை எண்ணி எங்களை விரட்டியது, முடிந்துவிட்டது என்று நம்பவைக்க. உண்மையான அசெரராக் அதற்கு அப்புறம் இன்னும் எத்தனையோ அறை தள்ளி வெறும் மண்டையோடாகக் கிடக்கிறான், கண்ணில் மாணிக்கமும் பல்லில் வைரமுமாக. தொந்தரவு செய்தால் உயிரை உறிஞ்சி அந்தக் கல்லில் அடைத்துவிடுவான்.

நானும் திருடனும் விடியற்காலை ஐந்து மணிக்கு வெற்றி என்று பாட்டி காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினோம். அண்ணா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நாள் கழித்து ஊர் பேர் தெரியாதவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அண்ணா, குளித்து முடித்ததும் கூடத்துக்கு வா.


#13 நெறியாளர்

இந்த இழையில் டூம் ஆஃப் ஹாரர்ஸின் பெரும்பாலான பொறிகள் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளன. இன்னும் ஆடாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எச்சரிக்கை தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும், சொர்க்கவாசல் கூட்டத்தில் நின்ற கால்வலி இன்னும் தீரவில்லை.


#14 பாகூர் வாத்தியார்

பாருங்கள், இதைத்தான் சொன்னேன். தோற்றவனும் கோபமாக இருக்கிறான், ஜெயித்தவளும் கோபமாக இருக்கிறாள். இந்த டன்ஜனில் சந்தோஷமாக இருப்பது டிஎம் மட்டும்தான்.

(உண்மையைச் சொன்னால் அந்தப் பத்து வரை எண்ணுகிற இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைகளிடம் ஒரு முறை செய்து பார்க்கலாம் போலிருக்கிறது.)


#15 பழைய இடும்பன் (குண்டு உப்பலவாடி)

திருடன் எனக்கும் இணைப்பை அனுப்பினான். அவனுக்கு வேறு வேலை இல்லை. முழுக்கப் படித்தேன். இந்தத் தளத்தில் எனக்குக் கணக்கே இல்லை, இதற்காகத் தொடங்கினேன்.

பத்தடிக்கோல் சார், வாத்தியார் சார், இரண்டு பேரும் எனக்காக இவ்வளவு எழுதியதற்கு நன்றி. ஆனால் எனக்குச் சேவிங் த்ரோ கொடுக்கவில்லை என்பது பிரச்சினையே இல்லை. என் ஊர்ப் பேரிலேயே குண்டு இருக்கிறது. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் எங்களுடையது என்று ஊர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்க்காரன் நான். பகடை உருட்டாமல் போவது எங்களுக்குப் புதிதில்லை.

கயிற்று நுனியை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. புதிர்ப்பாட்டை டீ கிளாஸுக்கு அடியில் வைத்ததும் உண்மை. அது என் தப்பு.

"இடும்பன் இல்லை" என்று சொன்னாய். சரி. அதற்கு அப்புறம் என்ன செய்தாய் என்பதை நீயும் எழுதவில்லை, உன் தங்கையும் எழுதவில்லை. அவள் கீழே குனிந்து கோலமாவில் வாயை வரைந்துகொண்டிருந்தாள், பார்த்திருக்க மாட்டாள். நீ கையை நீட்டி, இடும்பனின் விவரமெல்லாம் எழுதிய என் ஷீட்டை வாங்கினாய். சிவப்புப் பேனாவை எடுத்து மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாய். கீழே நேரம் எழுதினாய், 11.47 என்று. ஆஸ்பத்திரியில் எழுதுகிற மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஷீட்டை இரண்டு வருடமாகப் பென்சிலில் எழுதி அழித்து எழுதி வைத்திருந்தேன். பின்பக்கம் இடும்பன் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று ஒரு கணக்கு உண்டு. சத்திரக்காரிக்கு நாற்பது வெள்ளி. படகுக்காரனுக்கு ஒரு குடம் கள். அதையெல்லாம் நீ ஆட்டத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை, நானாக எழுதிக்கொண்டது. சிவப்பு மை பின்பக்கம் வரை ஊறிவிட்டது.

கீழே போனேன். பாட்டி பரமபதத்தில் ஒரு காயை என் பக்கம் தள்ளி, "நீயும் உருட்டுடா" என்றார்கள். மேலே என்ன ஆட்டம் என்று கேட்டார்கள், சொன்னேன். பிசாசு வாயைச் சொன்னேன், முள் குழியைச் சொன்னேன், சாய்கிற தரையை அப்போது எனக்குத் தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க பரமபதத்துல ஏணியே கிடையாதா?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று மணி வரை ஆடினேன். பெரிய பாம்பு இரண்டு தடவை கடித்தது. தாயம் போட்டுத் திரும்ப ஏறினேன்.

போன் எடுக்காததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் இரண்டு நாள் கோபம். அப்புறம் எடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஒரு கோட்டுக்காகவா என்று நீ கேட்டுவிட்டால்?


#16 முந்திரிக்கொட்டை

அந்தப் படகுக்காரனுக்குக் கள் குடம் யார் கொடுப்பது இப்போது?


#17 கெடிலக்கரை

இரண்டு மணி நேரமாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

சிவப்புப் பேனா எனக்கு ஞாபகமே இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் கையில் அந்தப் பேனா இருந்தது ஞாபகம் வந்தது. பழைய ஆட்டக்காரர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எங்கேயோ பார்த்து, வேடிக்கையாக இருக்கும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

பின்பக்கக் கணக்கு எனக்குத் தெரியாது. சத்திரக்காரிக்கு நாற்பது வெள்ளி எப்போது? எந்தச் சத்திரம்?

கேள்வியைத் தப்பாகக் கேட்டு இழை தொடங்கிவிட்டேன். பத்தடிக்கோல் சாருக்கும் வாத்தியார் சாருக்கும் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.


#18 பத்தடிக்கோல்

எனக்குச் சிரமம் இல்லை. ஒரு காலத்தில் செத்த ஆட்களின் ஷீட்டை எல்லாம் நான் கிழித்துப் போட்டிருக்கிறேன், என்னுடையது மட்டுமல்ல, அடுத்தவர்களுடையதும் சேர்த்து. அதைப் பற்றி இப்போது ரொம்ப நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


#19 சோழிப்பை

இடும்பன் அண்ணா, ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் நான் எல்லாருடைய ஷீட்டையும் போனில் படம் எடுத்து வைப்பேன், இரண்டு பக்கமும். லெவல் ஏறியதை யாராவது மறந்துவிட்டுச் சண்டை போடுவார்கள் என்பதற்காக. ஏகாதசி அன்றும் பத்து மணிக்கு எடுத்தேன். கடன் கணக்கு தெளிவாக இருக்கிறது. படகுக்காரனுக்கு ஒரு குடம் இல்லை, இரண்டு குடம். உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.


#20 பழைய இடும்பன்

கிடைத்தது. இரண்டு குடம்தான். மறந்துவிட்டேன்.

டேய், ஞாயிற்றுக்கிழமை நான் டிஎம். நீ ஆடு. லெவல் ஒன்றில் ஒரு ஆளை எழுதிக்கொண்டு வா, பென்சிலில். சத்திரத்தில் தொடங்குவோம், அந்த அம்மாவுக்கு வெள்ளி பாக்கி இருக்கிறது, வசூலிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். உன் தங்கையும் திருடனும் உண்மையான மண்டையோட்டைத் தேடித் திரும்பப் போக வேண்டும் என்றால் அது அவர்கள் இஷ்டம், நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.


#21 கெடிலக்கரை

எத்தனை மணிக்கு?


#22 பழைய இடும்பன்

மூன்று. பாட்டியிடம் தாயக்கட்டையை இரவல் கேட்டுக் கொண்டு வா. எனக்கு இருபது முகப் பகடை மேல் கொஞ்ச நாளைக்கு நம்பிக்கை இல்லை.


#23 முந்திரிக்கொட்டை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏழு ஆட்டில் ஒன்று கூரையில், இரண்டு குழியில், ஒன்று பிசாசு வாயில், ஒன்று நெருப்பில். மீதி இரண்டு எங்கே? மூன்று நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


#24 சோழிப்பை

ஒன்றை ஆரஞ்சுப் புகைக்குள் அனுப்பினோம். கிடாவாகப் போனது பெட்டையாக வெளியே வந்து திருடனை முட்டித் தள்ளிவிட்டு இருட்டில் ஓடிவிட்டது. இன்னும் உள்ளேதான் இருக்கிறது, கெட்ட ஆடாக.

கடைசி ஆட்டை இடும்பன் அண்ணா தொடக்கத்திலேயே குன்றுக்கு வெளியே ஒரு புளியமரத்தில் கட்டிவிட்டார். அது சின்னது, அது வேண்டாம் என்றார். கிளம்பும்போது நாங்கள் அவிழ்க்க மறந்துவிட்டோம்.


#25 பழைய இடும்பன்

அப்ப ஞாயிற்றுக்கிழமை சத்திரம் இல்லை. முதலில் புளியமரம்.